நடுவழியில் நிற்கும் பணம்

காஞ்சீபுரத்தில் பட்டுப் புடவை வாங்க வருகிறவர்களில் பலர் இப்போது கைப்பேசி மூலம் பணம் அனுப்புகிறார்கள். சில சமயம் வாங்கியவர் கணக்கில் பணம் குறைந்துவிடும். கடைக்காரர் கணக்கிலோ ஏறியிருக்காது!

அதற்கு ஒரு விதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை வகுத்தது. யு.பி.ஐ. மூலம் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்பி வர வேண்டும். கடைக்குச் செலுத்திய பணமானால் 5 நாள் கெடு. கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும்.

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவை எந்த அரசாங்கமும் வெளியிட்ட பணம் அல்ல. உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதும் ஒரு பொதுக் கணக்கேடுதான் அவற்றுக்கு ஆதாரம். அவற்றை அனுப்பவும் பெறவும் உதவும் மென்பொருளுக்கு 'வாலட்', அதாவது பணப்பை என்று பெயர். அனுப்பிய நாணயம் நடுவழியில் நின்றால், போய் முறையிட வங்கி மானேஜர் இல்லை.

ஏன் நிற்கிறது?

2019-ல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் தந்தார். அப்போது கூட்டம் அலை மோதியது. கட்டணச் சீட்டு வாங்கியவர்களுக்குத் தனி வரிசை இருந்தது. பிட்காயின் கணக்கேட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படுகிறது. பக்கத்தில் இடம் குறைவு. கூடுதல் கட்டணம் வைத்தவருக்கே முதல் இடம். 2024 ஏப்ரல் 20-ந் தேதி ஏற்பட்ட நெரிசலில் சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது!

பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத பணப்பை, நெரிசலை அறியாமல் குறைந்த கட்டணம் வைக்கலாம். இடத்தை மிச்சப்படுத்தும் புதிய முறை ஒன்று 2017-ல் வந்தது. பழைய பணப்பைகளுக்கு அது தெரியாது. ஆகவே அனுப்பியது வரிசையின் கடைசியில் நின்றுவிடுகிறது.

பணம் போய்விட்டதா?

இல்லை. கணக்கேட்டில் ஏறாத வரையில் அது அனுப்பியவருடையதுதான். நெரிசல் குறைந்தால் தானாகவே ஏறிவிடக்கூடும். வழக்கமாக இரண்டு வாரம் ஏறாவிட்டால், பல கம்ப்யூட்டர்கள் அதைத் தங்கள் காத்திருப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பிறகு அதே நாணயத்தை மீண்டும் அனுப்பலாம். புதிய பணப்பைகள் பலவற்றில், கட்டணத்தை உயர்த்தி மறுபடி அனுப்பும் வசதியும் உண்டு.

பழைய பணப்பையைப் புதுப்பிப்பதற்கு முன், அதற்குரிய இரகசியச் சொற்கள் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்கள். அவைதான் பெட்டியின் சாவி. சாவி தொலைந்தால் பெட்டியும் தொலைந்தது.

உஷார்!

ஆபத்து தாமதத்தில் இல்லை, அவசரத்தில்தான் இருக்கிறது. 2018 டிசம்பரில் 'எலக்ட்ரம்' என்ற பணப்பையின் பழைய பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு நடந்ததே இதற்குச் சாட்சி. அவர்கள் நாணயம் அனுப்ப முயன்றபோது தடங்கல் ஏற்பட்டது. உடனே திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. 'பணப்பையைப் புதுப்பிக்க வேண்டும்' என்று கூறி ஓர் இணைப்பையும் காட்டியது. அந்த அறிவிப்பு திருடர்கள் அனுப்பியது! நம்பிப் புதுப்பித்தவர்கள் இழந்தது 200-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள். 2017-க்குப் பிறகு தொடாத பணப்பையைத் திறந்து, இதே விதமாக 1,400 பிட்காயின்களை இழந்துவிட்டதாக 2020-ல் ஒருவர் தெரிவித்தார்.

ஆகவே, புதிய பதிப்பை அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். திரையில் வரும் இணைப்பைத் தொடக்கூடாது. 'சிக்கலைத் தீர்த்துத் தருகிறேன், இரகசியச் சொற்களைச் சொல்லுங்கள்' என்று கேட்பவன் யாராக இருந்தாலும் திருடனே. ஏமாந்தவர்கள் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

அரசாங்கத்தின் கடமை

கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. வரி வாங்கும் அரசாங்கம், மக்களுக்கு எச்சரிக்கையும் தர வேண்டாமா? அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலும், நூலகத்திலும், பள்ளியிலும் எளிய தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளை கைப்பேசியில் நாணயம் வாங்கி வைத்திருந்தால், அது நின்றுபோகும் நாளில் பெற்றோரின் சேமிப்பும் சேர்ந்தே ஆபத்தில் சிக்கக்கூடும்.

தறியில் இழை அறுந்தால் நெசவாளி பதறுவதில்லை. தறியை நிறுத்துகிறார். அறுந்த இடத்தைத் தேடுகிறார். நிதானமாக முடி போடுகிறார். நடுவழியில் நிற்கும் பணத்துக்கும் அந்த நிதானமே காவல்.