கட்டளையை மட்டும் எழுதினால் போதுமா?

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலரிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. சிலரிடம் அது நோட்டுப் புத்தகம். பலரிடம் கம்ப்யூட்டரிலேயே ஒரு பைல். அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளையும், நாலைந்து வரி புரோகிராம் துண்டுகளையும் அதில் சேர்த்து வைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ரெயில்வே டிக்கெட் கவுண்ட்டரில் உட்காரும் நாங்களும் ஸ்டேஷன் குறியீடுகளை இப்படி எழுதித்தான் மனப்பாடம் செய்தோம். ஊர்ப்பெயர் 1996-ல் சென்னை ஆனாலும், சென்ட்ரலுக்கு இன்றும் "எம்.ஏ.எஸ்."தான். யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயமா இது?

கட்டளைகளும் இந்த ரகமே. 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், டைப் மிஷின் போன்ற டெலிடைப்பில்தான் வேலை. அது மெல்ல ஓடும். ஆகவே சொற்களைச் சுருக்கினார்கள். பைல்களைப் பட்டியலிட "எல்.எஸ்.", நகலெடுக்க "சி.பி.", அழிக்க "ஆர்.எம்.". லினக்ஸிலும் இன்றுவரை இவையே.

ஆனால், வெறும் கட்டளையை மட்டும் எழுதி வைப்பது ஆபத்து என்பதே என் கட்சி. "ஆர்.எம்." கொடுத்து அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போய்க் காத்திருக்காது. போனது போனதுதான்.

2017 ஜனவரி 31-ந் தேதி இரவு கிட்லேப் என்ற கம்பெனியில் நடந்ததைப் பாருங்கள். அசல் தகவல் ஒரு சர்வரில், அதன் நகல் இன்னொன்றில். நகலில் கொடுக்க வேண்டிய அழிக்கும் கட்டளையை ஓர் என்ஜினீயர் அசலில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி. தகவலில் மிஞ்சியது நாலரை ஜி.பி.தான்! பாதுகாப்புக்கு என்று நம்பியிருந்த மற்ற ஏற்பாடுகளும் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட 6 மணி நேரத் தகவல் திரும்பவில்லை. இதையெல்லாம் அந்தக் கம்பெனியே ஊரறிய வெளியிட்டது. கட்டளையில் பிழை இல்லை. கொடுத்த இடம்தான் பிழை.

ஆகவே ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும், இது என்ன செய்யும், எந்த மிஷினில் கொடுக்கலாம், எதில் கூடாது என்று எழுத வேண்டும். அதையும் தமிழில் எழுத வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்து, காண்டிராக்டில் சேர்ந்து, நைட் ஷிப்டில் தனியாக உட்காரும் பையனுக்கு இரவு 2 மணிக்குச் சட்டென்று புரிவது தமிழ்தான். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். தவறு நேர்ந்தால் முதலில் வீட்டுக்குப் போவது காண்டிராக்ட் பையன்தானே?

கம்பெனியின் பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவே கூடாது.

இன்னொரு வருத்தமும் உண்டு. பத்து வருஷ அனுபவஸ்தர்கள் சிலர், புதிதாக வரும் நம் பையன்களிடம் இந்தக் குறிப்பேட்டைக் காட்டுவதில்லை. தொழில் ரகசியமாம்! அல்சூரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடி, அவரவர் குறிப்புகளைப் பிறருக்கு விளக்கலாமே. டீச் செலவைத் தவிர வேறென்ன ஆகப்போகிறது?