ஒரு சாமத்துக் கஷாயம்



ஐப்பசி பிறந்ததும் நம் இதழின் அலுவலகத்துக்கு வருகிற தபாலின் மணமே மாறிவிடும். பலகாரக் குறிப்பு கேட்டு எழுதுகிறவர்கள்கூடச் சளிக்கு என்ன செய்யலாம் என்று கேட்கத் தொடங்குவார்கள். சென்ற வாரம் வந்த ஒரு கடிதம் இன்னும் என் மேசையிலேயே இருக்கிறது. எழுதியவர் வேலைக்குப் போகிற ஒரு தாய். காலை ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறி இருமல். "ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கான கஷாயத்தைக் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, தினமும் சூடாக்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

படித்ததும் எனக்கு ஆச்சியின் ஞாபகம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. அடைமழைக் காலம் வந்தால் அடுப்பங்கரையில் ஒரு சின்ன மண்சட்டி தனியாக இடம்பிடிக்கும். அதில் குழம்போ ரசமோ வைக்கக் கூடாது. நாலு தம்ளர் தண்ணீர் ஒரு தம்ளராக வற்றும்வரை ஆச்சி அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள். தீ கொஞ்சம் ஏறினாலும் விறகை வெளியே இழுத்துவிடுவாள். காலையில் நாங்கள் குடித்ததுபோக மிச்சம் இருந்தால், மத்தியானச் சோற்றுக்கு முன்பே கொண்டுபோய் முருங்கை மூட்டில் கொட்டிவிடுவாள். "சாயங்காலம் குடிக்கலாம்லா ஆச்சி?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏட்டி, சாமம் தாண்டிட்டுல்லா. இனி அது மருந்தா?" என்றாள். பேய்க் கதையில் வருகிற நடுச்சாமம் தவிர வேறு சாமம் எனக்கு அப்போது தெரியாது.

பல வருடங்கள் கழித்து, சித்த மருத்துவம் படித்த தோழி ஒருத்திதான் ஆச்சியின் கணக்கை எனக்கு விளக்கினாள். சித்த மருத்துவம் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் எத்தனை நாள் தாங்கும் என்றும் சொல்லி வைத்திருக்கிறது. இலையை இடித்துப் பிழிந்த சாறு, நாம் கஷாயம் என்கிற குடிநீர், அரைத்து உருட்டிய கற்கம் இவற்றுக்கெல்லாம் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் என்கிற பொடிக்கு 3 மாதம். மணப்பாகுக்கும் இளகத்துக்கும் 6 மாதம். எழுத்தறியாத ஆச்சிக்கு இது எந்த வழியாக வந்து சேர்ந்ததோ, ஒரு பிசகும் இல்லாமல் வந்திருக்கிறது.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில்: கஷாயத்தைச் சேமிக்க வேண்டாம், பொடியைச் சேமியுங்கள். கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, ஏழெட்டு ஏலக்காய். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுத் தட்டிக்கொள்ளுங்கள். சுக்குக்குத் தோலும் கடுக்காய்க்குக் கொட்டையும் ஆகாது என்பது நம் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். எல்லாவற்றையும் வெறும் சட்டியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவிட்டு, கொரகொரப்பாகப் பொடித்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் ஈரக் கரண்டி ஒருமுறை பட்டாலே பூசணம் பிடித்துவிடும். காலையில் ஒன்றரை தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பொடியும் கொஞ்சம் கருப்பட்டியும் போட்டு ஒரு தம்ளராக வற்ற வையுங்கள். பிள்ளைகள் பல் துலக்கி வருவதற்குள் ஆகிவிடும். கருப்பட்டி நல்லதாகக் கிடைப்பதுதான் இப்போது சிரமம். சீனிப்பாகு கலந்தது கடைகளில் நிறைய வருகிறது. உடன்குடிப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் சொல்லி வாங்குங்கள்.

இஞ்சி சுக்காகும்போது வெறுமனே காய்வதில்லை. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் என்னும் பொருள், உலர உலர ஷோகால் என்ற வேறொன்றாக மாறுகிறது. அதற்குக் காரம் இன்னும் அதிகம். ஜப்பானியர்கள் இஞ்சியை ஷோகா என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர். சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த மருந்துக்குத் திரிகடுகம் என்று பெயர். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நீதி நூலுக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். அந்த மூன்றும் எத்தனை பழகிய பொருளாக இருந்திருந்தால் ஒரு புலவர் தன் நூலுக்கு அப்படிப் பெயர் வைத்திருப்பார்!

மஞ்சள் பாலில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போடுகிற பழக்கமும் இப்படிப்பட்டதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் நம் உடம்பில் சரியாகச் சேராது. மிளகில் உள்ள பைப்பரின் கூட இருந்தால் அது 20 மடங்கு அதிகமாகச் சேருகிறது என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். மஞ்சளை மட்டும் தூளாக வாங்காமல் விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்த்த தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும்.

இனிச் செடிகள். மாடி வீடு, வாடகை வீடு என்று சொல்லாதீர்கள். கற்பூரவல்லிக்கு ஒரு தண்டும் ஒரு தொட்டியும் போதும். ஓமவல்லி என்றும் அதைச் சொல்வது சும்மா இல்லை. ஓமத்தில் இருக்கிற தைமால் என்னும் மணப்பொருளே இந்த இலையிலும் இருக்கிறது. இரண்டு இலையை அனலில் வாட்டிப் பிழிந்தால் வருகிற சாறு ஒரு தேக்கரண்டிதான் இருக்கும், அது போதும்.

எனக்குப் பிரியமானது தூதுவளை. மழை விழுந்த பத்துப் பதினைந்து நாளில் வேலியெல்லாம் தளதளவென்று ஏறி, ஊதாப் பூவும் வளைந்த முள்ளுமாக நிற்கும். பறிக்கும்போது கை கிழியும். இலையின் நடு நரம்பில்கூட முள் உண்டு, பொறுமையாக நீக்க வேண்டும். நெய்யில் வதக்கி, மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் புளி வைத்து அரைத்தால் துவையல். அதையே கரைத்துக் கொதிக்கவிட்டால் ரசம். இலைச் சாற்றைத் தோசை மாவில் கலந்து வார்த்தால், கஷாயத்தைக் கண்டு ஓடுகிற பிள்ளையும் பச்சைத் தோசை என்று ஆசையாகத் தின்னும். காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடக்கும் நாளில், குழைந்த சோற்றில் தூதுவளை ரசம் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், பசி தானாக வரும்.

ஆடாதொடையைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். ஆடுகூடத் தொடாத கசப்பு. அந்தக் கசப்பில் இருக்கும் வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தை உருவாக்கினார்கள். மருந்துக்கடையில் இருமலுக்கு வாங்குகிற எத்தனையோ சிரப்புகளில் அது இருக்கிறது. நம் வேலியிலிருந்து கிளம்பி உலகம் சுற்றி பாட்டிலில் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் கர்ப்பமாக இருப்பவர்கள் ஆடாதொடையைத் தொடக் கூடாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். அதிமதுரத்தையும் எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது இதம், நாள்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது.

சொல்லத் தயங்குகிற ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகனுக்கு நாலு வயது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க, பாத்திரத்தைக் கட்டிலின்மேல் வைத்துப் போர்வையைப் போர்த்தினோம். இருட்டும் சூடும் பயமுறுத்த, பிள்ளை திமிறினான். பாத்திரம் சாய்ந்து, கொதிநீர் தொடையில் கொட்டியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நொச்சியின் மீது எனக்குக் கோபம் இல்லை. வளர்ந்தவர்கள் தரையில் உட்கார்ந்து, பாத்திரத்தை ஆடாமல் வைத்து ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு நல்ல ஆறுதல். சின்னக் குழந்தைகளுக்கு ஆவியே வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் போதும்.

ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயதுக்கு மேல் இரவில் ஒரு தேக்கரண்டி தேன் இருமலை நன்றாக அடக்கும். பூஜைக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். தவறி வாய்க்குள் போனால் சிறிதளவே வலிப்பைக் கொண்டுவரும்.

சளி வைரஸால் வருவது. எந்தக் கஷாயமும் அதைக் கொல்வதாக நான் எழுத மாட்டேன். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பே அதை வென்றுவிடும். அந்த நாட்களைத் தாங்கும்படி தொண்டைக்கு இதமும் உடம்புக்கு நீரும் வயிற்றுக்குச் சூடும் தருவதே நம் அடுப்பங்கரையின் வேலை. அது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதே மாதங்களில்தான் டெங்குவும் வருகிறது. காய்ச்சல் 3 நாளுக்கு மேல் நீடித்தாலோ, வாந்தி, வயிற்றுவலி, அதிக சோர்வு இருந்தாலோ சட்டியை இறக்கிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே போக வேண்டும். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேலும், ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்பின் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

நிலவேம்புக் குடிநீரையும் கபசுரக் குடிநீரையும் வீட்டில் தயாரிக்கும் முறை கேட்டும் பலர் எழுதியிருக்கிறீர்கள். முன்னதில் 9 சரக்கு, பின்னதில் 15. சுத்தி செய்யவும் அளவு பிடிக்கவும் பழகிய கை வேண்டும். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் வாங்கிக்கொள்ளுங்கள், எத்தனை நாள் குடிக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

உங்கள் ஆச்சியோ அப்பத்தாவோ அம்மாயியோ மழைக்காலத்தில் என்ன காய்ச்சிக் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். இலைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், எத்தனை இலை, எத்தனை தம்ளர் தண்ணீர், எது வரை வற்ற வேண்டும், யாருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று அளவோடு எழுதுங்கள். சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, கார்த்திகை இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்