ஃப்ளாஷ்பேக் காரணம்தான், மன்னிப்புச் சீட்டு இல்லை

1/ 'தி பெங்குவின்' பார்த்து முடிச்சவங்க போடுற ரீல்ஸ் என் டைம்லைன்ல நிறைய வருது. "சோஃபியா செஞ்சதுல என்ன தப்பு?" "அம்மாவுக்காகவே வாழ்ந்தவன்யா ஆஸ்." சோக மியூசிக் வேற. இதுக்கு ஒரு டாக்டரா பதில் சொல்லணும்னு தோணுது. நீளமான இழை. தொடரின் முடிவு வரைக்கும் பேசுவேன், பார்க்காதவங்க இத்தோட நிறுத்திக்கலாம்.

2/ என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். ஒருத்தன் ஏன் கெட்டவன் ஆனான்னு கதை சொல்லலாம். சொல்லணும். கேட்டு அழவும் செய்யலாம். ஆனா அந்தக் கதை, அவன் செஞ்ச கொலையோட கணக்கை நேர் பண்ணாது. காரணம் வேற, நியாயம் வேற. இந்தக் குழப்பம் திரையோட நின்னா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது நம்ம வீட்டுக்குள்ள இருக்கு.

3/ தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 2022ல வந்த 'தி பேட்மேன்' படத்தோட தொடர்ச்சியா, 2024ல 8 எபிசோடா வந்த தொடர் இது. பேட்மேன் வரமாட்டார். ஊரே வில்லன்கள் கையில். ஆஸ் காப் ஒரு தாதா. கொலை, போதைப்பொருள் எல்லாம் உண்டு. பிறவியிலேயே வளைஞ்ச பாதம். உலகத்துல அவனுக்கு இருக்கிற ஒரே ஆள் அம்மா. அந்த அம்மாவுக்கு மறதி நோய்.

4/ இன்னொரு பக்கம் சோஃபியா. அப்பன் செஞ்ச கொலைகளை மகள் மேல் போட்டுட்டாங்க. கூடப்பிறந்தவனைத் தவிர சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து "இவளுக்குப் புத்தி சரியில்ல"ன்னு எழுதிக் கொடுத்து, மனநோயாளிகள் சிறையில் தள்ளிட்டாங்க. 10 வருஷம். நாலாவது எபிசோடைப் பார்த்துக் கண் கலங்கலைன்னா நமக்குத்தான் ஏதோ கோளாறு. அந்த வேடத்துக்காக கிறிஸ்டின் மிலியோட்டிக்கு 2025ல எம்மி விருது கிடைச்சது, தகும்.

5/ சரி, அதுக்கப்புறம் சோஃபியா என்ன செய்யுறா? மொத்தக் குடும்பமும் தூங்கும்போது வீட்டுக்குள்ள விஷவாயுவைத் திறந்து விடறா. ஜியான்னு ஒரு சின்னப் பொண்ணை மட்டும் தனியா கூட்டிட்டுப் போய்க் காப்பாத்தறா. ஜியா எங்க போய்ச் சேர்ந்தா? பெத்தவ இல்லாம, அனாதைப் பிள்ளைங்க விடுதியில. சோஃபியாவுக்கு என்ன நடந்துச்சோ அதையே அவ இன்னொரு குழந்தைக்குச் செஞ்சுட்டா.

6/ ஆஸ் சின்ன வயசுல, அம்மா பாசம் தனக்கு மட்டும் வேணும்னு ரெண்டு அண்ணன் தம்பிகளையும் சுரங்கத்துக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தினவன். மழை வெள்ளம் வந்து ரெண்டும் செத்துப்போச்சு. அவன் வீட்டுக்குப் போய் அம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டான். கடைசியில, தன்னைக் குடும்பமா நினைச்ச விக்டர்ங்கிற பையனைத் தன் கையாலேயே கழுத்தை நெரிக்கிறான். அதுவும் அந்தப் பையன் அதை வாய்விட்டுச் சொன்ன அடுத்த நிமிஷம்.

7/ அதனால தொடரை எடுத்தவங்க மேல எனக்குப் புகார் இல்ல. ஜியாவையும் விக்டரையும் அவங்க மறைக்கல, நடுக்கூடத்துல கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. ரீல்ஸ் வெட்டுறவங்கதான் அந்த ரெண்டு பேரையும் வெட்டி எறியுறாங்க. வில்லனோட கண்ணீர் மிஞ்சுது. அவனால செத்தவங்க முகம் காணாமப் போகுது. என் சண்டை இதோடதான்.

8/ "காரணம் தெரிஞ்சா கோபம் போயிடும் இல்லையா டாக்டர்?" போகலாம், நல்லதுதான். ஆனா நாங்க ஆஸ்பத்திரியில காரணம் தேடுறது எதுக்கு? ஒருத்தருக்குச் சர்க்கரை ஏன் ஏறுச்சுன்னு தெரிஞ்சுக்கிறது, அதுக்கேத்த வைத்தியம் பண்ண. "பாவம், பரம்பரை வியாதி"ன்னு சொல்லிட்டு அழுகுற காலை அப்படியே விட்டுடறதுக்கு இல்ல. காரணம் கண்டுபிடிச்சதும் வேலை ஆரம்பிக்குது, முடியல.

9/ "அடி வாங்கி வளர்ந்தவன் அடிக்கத்தானே செய்வான்" என்பாங்க. 1989ல கேத்தி விடம்ங்கிற ஆராய்ச்சியாளர் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டார். சின்ன வயசுல கொடுமையோ புறக்கணிப்போ அனுபவிச்சதா நீதிமன்றப் பதிவு இருந்த 908 பேரை, அப்படிப் பதிவு இல்லாத, அதே மாதிரிப் பின்னணி உள்ளவங்களோட ஒப்பிட்டார். சிறார் வயசுல கைதானவங்க முதல் கூட்டத்துல சுமார் 26 சதவீதம், ரெண்டாவதுல சுமார் 17.

10/ இதை ரெண்டு பக்கமும் படிக்கணும். குழந்தையை வதைச்சா ஆபத்து கூடுது, அது உண்மை. ஆனா அந்தக் கொடுமையைப் பட்டவங்கள்ல 100க்கு 74 பேர் அந்த வயசுல கைதாகல. அடி வாங்கி வளர்ந்தும், "என் பிள்ளை மேல கை வைக்க மாட்டேன்"னு இருக்கிறவங்க உங்க தெருவுலயே இருக்காங்க. அவங்களுக்கு யாரும் ரீல்ஸ் போடுறதில்ல. கொடுமைக்காரனுக்கு "வேற வழியில்ல"ன்னு சொல்லும்போது, வேற வழியில நடந்த இத்தனை பேரையும் அவமானப்படுத்துறோம்.

11/ ஒரு சின்ன கிளைக் கதை. வளைஞ்ச பாதத்தை வில்லனுக்குக் கொடுத்தது எனக்குப் பிடிக்கல. மந்தரைக்குக் கூன் கொடுத்த காலத்துலேர்ந்து நடக்குற வேலை இது: உடம்பு கோணல்னா மனசும் கோணல். நிஜத்துல, பிறந்த சில வாரத்துலேயே ஆரம்பிச்சு, வாராவாரம் மாவுக்கட்டு மாத்திப் பெரும்பாலான வளைபாதங்களைச் சரி பண்ணிடலாம். போன்செட்டி முறைன்னு பேர். அரசு மருத்துவமனையில இலவசம். அப்படிப் பிள்ளை பிறந்தா பயப்படாம உடனே கூட்டிட்டு வாங்க.

12/ இப்போ ஓ.பி.க்கு வாங்க. இது ஒருத்தர் கதை இல்ல, பல பேர் சொன்னதைச் சேர்த்துச் சொல்றேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்." கையை ஊனி விழுந்தா பெரும்பாலும் மணிக்கட்டுகிட்ட, கட்டைவிரல் பக்கத்து எலும்பு உடையும். முன்கை நடுவுல, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் முறிஞ்சிருந்தா எங்களுக்குச் சந்தேகம் வரும். முகத்துக்கு நேரா வர்ற அடியைக் கையைத் தூக்கித் தடுத்தா முறியுற எலும்பு அது.

13/ கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டு மெதுவா கேட்டா விஷயம் வரும். கூடவே ஒரு ஃப்ளாஷ்பேக்கும் வரும். "அவரு நல்லவருதான் டாக்டர். அவங்கப்பா அவரைத் தூண்ல கட்டிவெச்சு அடிப்பாராம்." மாமியாரும் அதையேதான் சொல்வாங்க: "எம்புள்ள பட்ட கஷ்டம் யாருக்குத் தெரியும்." நான் மறுக்கல, பட்டிருக்கலாம். ஆனா முறிஞ்சிருக்கிறது இந்தப் பொண்ணோட எலும்பு.

14/ தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழ்நாட்டு நிலவரம்: கல்யாணமான 18 முதல் 49 வயசுப் பெண்கள்ல சுமார் 38 சதவீதம் பேர் கணவனோட வன்முறையை அனுபவிச்சதா சொல்லியிருக்காங்க. இத்தனை வீட்டிலயும் அடிக்கிறவனுக்கு ஒரு சோகக் கதை தயாரா இருக்கு. அதைச் சொல்லிப் பாதுகாக்க ஒரு அம்மாவும் இருக்காங்க.

15/ தொடர்ல வர்ற அந்த அம்மா பிரான்சிஸை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பிள்ளை செத்ததுக்குக் காரணம் மூணாவது பிள்ளைதான்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் மூடி வெச்சாங்க. அவன் சம்பாதிச்சுக் கொட்டட்டும்னு கூடவே வெச்சுக்கிட்டாங்க. "தாய்ப்பாசம்"னு ஸ்டேட்டஸ் போடுறது இதுக்குத்தான். எனக்கு அது பாசமாத் தெரியல. அன்னிக்கே யாராவது அந்தப் பையனை உக்காரவெச்சு "நீ செஞ்சது இதுடா"ன்னு சொல்லியிருந்தா விக்டர் உயிரோட இருந்திருப்பான்.

16/ "அப்போ வில்லனுக்கு இரக்கமே காட்டக் கூடாதுங்கிறீங்களா?" இல்லவே இல்ல. எங்க ஊர்க்காரங்களுக்கு அந்த இரக்கம் ஹாலிவுட் சொல்லிக் கொடுத்து வந்ததில்ல. ஸ்ரீரங்கம் கோயில்ல தாயார் சந்நிதிக்கு எதிர்ல ஒரு மண்டபம் இருக்கு. கம்பன் ராமாயணத்தை அரங்கேற்றின இடம்னு ஐதீகம். அடுத்த தடவை போனா வேகமா கடந்து போகாம ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த வழக்குக்குத் தீர்ப்பு அங்கேயே இருக்கு.

17/ அரங்கேற்றத்துல இரணியன் வதைப் படலத்துக்கு எதிர்ப்பு வந்துச்சாம், "வால்மீகியில இல்லாததை ஏன் சேர்த்தே"ன்னு. அப்போ பக்கத்துல இருக்கிற மேட்டழகிய சிங்கரே கர்ஜிச்சுத் தலையசைச்சு ஒப்புதல் கொடுத்தார்னு கதை. அது என்ன படலம்னு யோசிங்க. அப்பன் செய்யுறது தப்புன்னு அவன் முகத்துக்கு நேரா சொன்ன பிள்ளையோட கதை. காவியத்துல அதைச் சொல்றது யாரு? வீடணன். யாருகிட்ட? சொந்த அண்ணன் ராவணன்கிட்ட.

18/ கம்பன்கிட்ட ராவணன் சாதாரண வில்லன் இல்ல. வீரன், கலைஞன், பாசமுள்ள அப்பன். கும்பகர்ணனைப் படிச்சு அழாத தமிழ் வாசகன் உண்டா? ஆனா கவனிங்க: ராவணனைச் சுத்தி இருக்கிற குடும்பம் பிரான்சிஸ் மாதிரி மூடி மறைக்கல. வீடணன் சொல்றான், கும்பகர்ணன் சொல்றான், பாட்டன் முறை மாலியவான் சொல்றான், கடைசியில மகன் இந்திரசித்தே சொல்றான்: சீதையை விட்டுடு.

19/ அதுலயும் கும்பகர்ணன் சபையிலேயே அண்ணனைக் கண்டிச்சுட்டு, அண்ணனை விட்டுப் போகவும் மனசில்லாம, சாவோம்னு தெரிஞ்சே போருக்குப் போறான். தன்னைக் கூப்பிட வந்த தம்பியைத் திட்டாம ராமன்கிட்டயே திருப்பி அனுப்புறான். சாகும்போது ராமன்கிட்ட, தம்பியைப் பார்த்துக்கோன்னு வேண்டுறான். கம்பன் அவனுக்கு எல்லாப் பெருமையும் கொடுக்கிறான். விடுதலை மட்டும் கொடுக்கல. சீதை அசோகவனத்துல இருக்கிறதைக் கம்பன் ஒரு கணமும் மறக்கல. இரக்கம்னா இது.

20/ "வீடணன் துரோகிதானே, அண்ணனைக் காட்டிக் கொடுத்தவன்" — இந்தப் பதில் வரும்னு தெரியும். அப்போ நம்ம ஊர் ஐதீகத்தைக் கேளுங்க. ராமன் தன் குலதெய்வமான ரங்கநாதரை யாருக்குக் கொடுத்தான்? வீடணனுக்கு. அவன் இலங்கைக்குக் கொண்டு போற வழியில காவிரிக் கரையில வைக்க வேண்டியதாச்சு, எடுக்க வரல. வெச்ச பையனைத் துரத்திப் போய்த் தலையில குட்டினான், அந்தப் பையன்தான் மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார்.

21/ பெருமாள் இன்னிக்கும் தெற்குப் பார்த்துப் படுத்திருக்கார், வீடணன் இருக்கிற இலங்கைப் பக்கம். சாமி நம்பிக்கை இல்லாதவங்களும் கதையா எடுத்துக்கோங்க. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலைக்கோட்டை, அந்தப் பக்கம் ரங்கம், ரெண்டுமே ஒரு ஆளைச் சுத்தின கதை. சொந்த வீட்டுக்குள்ள "இது தப்பு"ன்னு சொன்னவனுக்குக் கிடைச்ச மரியாதை. அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு "குடும்ப விஷயம், வெளிய சொல்லாதே"ன்னு நாம பேசலாமா?

22/ இன்னொரு கேள்வி: "புலவர் குழந்தை 'இராவண காவியம்' எழுதலையா? ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' போடலையா?" எழுதினாங்க, போட்டாங்க. 1946ல வந்த அந்தக் காவியம் தடையாகி, 1971லதான் தடை நீங்குச்சு. அது வேற வழக்கு. "ராவணன் குற்றவாளியே இல்ல, கதையை எழுதினவங்க பொய் சொன்னாங்க"ன்னு வாதம். அதைத் தாராளமா வாதாடுங்க. நான் சண்டை போடுறது, "ஆமா, கொன்னான்தான், ஆனா பாவம்"ங்கிற அந்த 'ஆனா'வோட.

23/ "வெறும் பொழுதுபோக்கு, இதைப் போய்ப் பெருசாக்குறீங்க." பொழுதுபோக்குதான். தொடர் பார்த்து யாரும் கொலைகாரன் ஆகிடுவான்னு நான் சொல்லல. ஆனா வீட்டுல அடி வாங்குற பொண்ணும் அதே ரீல்ஸைப் பார்க்குறா. "காயம்பட்டவன் காயப்படுத்துவான், அன்பு காட்டினா மாறிடுவான்"ங்கிறது அவ காதுல ஒரு உத்தரவா விழுது. பொறுத்துப் போ, நீதான் அவனுக்கு மருந்துன்னு. மனுஷி மருந்து இல்லீங்க.

24/ அதனால பிள்ளைங்களோட இந்த மாதிரித் தொடர் பாருங்க, தடுக்காதீங்க. முடிஞ்சதும் மூணு கேள்வி கேளுங்க. அவனுக்கு என்ன நடந்துச்சு? அவன் யாருக்கு என்ன செஞ்சான்? அவன் வீட்டுல யாராவது தடுத்துச் சொன்னாங்களா? முதல் கேள்விக்கு எல்லாப் பிள்ளையும் பதில் சொல்லும். ரெண்டாவதும் மூணாவதும் பழக்கணும்.

25/ உங்க வீட்டு ஆள் மேல நிஜமாவே இரக்கம் இருந்தா ஒரு வேலை இருக்கு. அவரைக் கூட்டிட்டு வாங்க. குடிக்கும், கோபத்துக்கும், சின்ன வயசுக் காயத்துக்கும் சிகிச்சை இருக்கு. ஜி.ஹெச். மனநலப் பிரிவுல கேளுங்க, இல்லைன்னா டெலிமனஸ் 14416. அவர் குணமாகுற வரைக்கும் அந்தப் பொண்ணும் பிள்ளைங்களும் அடி வாங்கிட்டே காத்திருக்கணும்னு எந்த வைத்தியத்திலயும் எழுதல. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க.

26/ அம்மாக்களுக்கு, அக்காக்களுக்கு, அண்ணன் தம்பிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. உங்க வீட்டுப் பையன் கை நீட்டினான்னு தெரிஞ்சா, அவன் பட்ட கஷ்டத்தை மருமகளுக்கு எடுத்துச் சொல்றதை முதல்ல நிறுத்துங்க. அவன் செஞ்சதை அவனுக்குச் சொல்லுங்க. வெளியாள் சொன்னா எகிறுவான். நீங்க சொன்னா அன்னிக்கு ராத்திரியாவது யோசிப்பான். (முடிஞ்சது)