நகை 'மூழ்கிருச்சு'ன்னு சொன்னா தேதி கேளுங்க

நாலு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதல. ஆபீஸ்ல வேலைன்னு புளுகலாம். நெசம் என்னன்னா, பரளச்சிக்கும் தாலுகா ஆபீசுக்குமா அலைஞ்சுக்கிட்டு இருந்தேன், எங்க அத்தையோட ஒரு அடகுச் சீட்டுக்காக.

எங்க ஊர்ப்பக்கம் தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேண்டாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி சுத்துப்பட்டு பூராவும் மானாவாரி. புரட்டாசியில மழை விழுறதுக்குள்ள உழவுக்கூலி, விதை, உரம்னு காசு வேணும். கையில இருக்காது, கழுத்துல இருக்கும். வச்சுட்டு வந்து விதைக்கணும், மாசி பங்குனியில மிளகாயும் மல்லியும் வித்துத் திருப்பணும். எங்க அப்பத்தா காலத்துலேர்ந்து இதான் கணக்கு. பேங்கு வந்தும் சொசைட்டி வந்தும், அவசரத்துக்குக் கால் தானா போறது ஊர்ல இருக்குற வட்டிக்கடைக்குத்தான்.

அத்தை 2022 புரட்டாசியில மூணு பவுன் சங்கிலிய 75 ஆயிரத்துக்கு வச்சிருக்கு. நூத்துக்கு ரெண்டு வட்டி. அடுத்தடுத்து வெள்ளாமை சரியில்லாம திருப்ப முடியல. 2025 ஐப்பசியில அத்தை மகன் திருப்பூர்ல பணத்தைப் புரட்டிக்கிட்டு வந்து நின்னா, கடையில பெரியவர் இல்ல, செத்துப் போயிட்டாரு. மகன் உக்காந்திருக்காரு. "அது அப்பவே மூழ்கிருச்சேம்மா" அப்படின்னு ஒரே வார்த்தை. சீட்டை டிரங்குப் பெட்டியில வச்சிருந்துச்சு அத்தை. கரையான் பாதியைத் தின்னுட்டு நம்பரை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டு வச்சிருந்துச்சு.

அத்தை ஒண்ணும் சண்டை போடல. "கெடு தாண்டுனது நம்ம தப்புதான மருமகனே"ன்னுச்சு. எனக்கு அதுதான் தாங்கல.

ஏன்னா 'மூழ்கிருச்சு'ங்கிற வார்த்தைய நாம சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கிறோம். சட்டத்துல அப்படி இல்ல. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 177வது பிரிவைப் பாருங்க. கெடு தாண்டினாலும், நகையை உண்மையிலேயே விக்கிற வரைக்கும் பாக்கியைக் கட்டி மீட்டுக்கலாம். அதுக்கு முந்தின பிரிவு 176, முறையா அறிவிப்பு கொடுத்துட்டுத்தான் விக்கணும், வித்த காசு பாக்கிக்கு மேல வந்தா மிச்சத்தை வச்சவங்க கையில கொடுக்கணும்னு சொல்லுது. இது போக நம்ம மாநிலத்துக்குன்னே 1943ல வந்த அடகுக்கடைச் சட்டம் ஒண்ணு இருக்கு. அதுப்படி லைசென்சு வேணும், சீட்டு கொடுக்கணும், பேரேடு எழுதணும், வித்தா பொது ஏலத்துலதான் விக்கணும்.

அப்ப எல்லாமே ஒரு தேதியில வந்து நிக்குது. எப்ப வித்தாங்க?

மனக்கணக்கா போட்டுப் பாருங்க. ஒரு வருஷக் கெடு முடிஞ்சு 2023 புரட்டாசியில வித்திருந்தா பவுன் ஏறக்குறைய 43 ஆயிரம். மூணு பவுனுக்கு 1 லட்சத்து 29 ஆயிரம். அசலும் வட்டியும் 93 ஆயிரம். அத்தைக்கு 36 ஆயிரம் வரணும், ஏலச் செலவு கழிச்சாலும் ஏதோ வரணும். விக்கவே இல்லைன்னா? 2025 ஐப்பசியில பவுன் 90 ஆயிரத்துல நிக்குது. நகை மதிப்பு 2 லட்சத்து 70 ஆயிரம், பாக்கி 1 லட்சத்து 30 ஆயிரம் சில்லறை. 'மூழ்கிருச்சு'ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள இவ்வளவு பணம் மூழ்கிக் கிடக்கு சாமி.

சரி, பதிவேட்டை எப்படிக் கேக்குறது? நான் முதல்ல பண்ணது முட்டாள்தனம். கோவத்துல, வட்டாரத்துல உள்ள எல்லா அடகுக்கடையோட அஞ்சு வருஷப் பேரேடும் நகல் வேணும்னு தகவல் பெறும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு எழுதி, 10 ரூபாய் ஸ்டாம்பும் ஒட்டி, வீரமா டீக்கடையில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். சித்தப்பா முறை வேணும் ஒருத்தரு, கிளாஸைக் கீழ வச்சுட்டுக் கேட்டாரு: "ஏன்டா, என் வீட்டுத் தாலி எந்தக் கடையில எத்தனை மாசம் கிடந்துச்சுன்னு நீ படிக்கணுமாக்கும்?"

பதில் இல்ல என்கிட்ட. அந்த மனுவை அங்கேயே கிழிச்சேன். நம்ம ஆளுங்க நிறைய பேரு 'எல்லாத்தையும் வெளிப்படையா போடு'ன்னு எழுதுறோம், நானும் எழுதியிருக்கேன். அடகுப் பேரேடுங்கிறது ஊரோட கஷ்டக் கணக்கு. அதை ஊருக்குத் திறந்து காட்டக் கூடாது. ஆனா அதுல என் வரி எனக்குச் சொந்தம்.

அதனால ரெண்டாவது தடவை ரெண்டா பிரிச்சேன். ஒண்ணு, அத்தை கையெழுத்துல கடைக்கே ஒரு கடுதாசி: இந்த நம்பர் சீட்டு, இந்த வருஷம், பேரேட்டுல எங்க வரியோட நகலும் வித்திருந்தா வித்த தேதி, தொகை விவரமும் தாங்க. ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பினோம். (ரெஜிஸ்டர் தபால்னு தனியா இப்ப கிடையாது, 2025 செப்டம்பரோட அதுவும் ஸ்பீடு போஸ்ட்ல ஐக்கியமாயிருச்சு.) இன்னொண்ணு தாலுகா ஆபீசுக்கு: கடைக்கு லைசென்சு இருக்கா, கடைசியா எப்ப தணிக்கை பண்ணீங்க, எங்க சீட்டோட வரி.

27வது நாள் பதில் வந்துச்சு. லைசென்சு இருக்காம். பேரேடு 'இவ்வலுவலகத்தில் இல்லை'. நமக்குத் தெரியாத பதிலா :-)

இங்கதான் நிறைய பேரு விட்டுர்றோம். அடகுக்கடை தனியார்தான், அதுகிட்ட நேரா ஆர்.டி.ஐ. போட முடியாது. ஆனா 'தகவல்'னா என்னன்னு சொல்ற 2(எஃப்) பிரிவை முழுசா படிக்கணும். ஒரு அரசு அலுவலகம் வேற சட்டத்துப்படி ஒரு தனியார்கிட்டேர்ந்து கேட்டு வாங்கக்கூடிய தகவலும் தகவல்தான். கேரளத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்குல 2013 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இதுதான்: சொசைட்டி இந்தச் சட்டத்துக்குள்ள வராது, ஆனா பதிவாளர் சட்டப்படி வாங்கக்கூடியதை அவர் மூலமா கேக்கலாம். சொசைட்டிக்குப் பதிவாளர்னா அடகுக்கடைக்கு லைசென்சு கொடுக்குற தாசில்தார். இதை எழுதி மேல்முறையீடு போட்டேன்.

பேரேட்டைப் பிரிச்சா என்ன ஆகும்னு 2021லயே பாத்தோம்ல? சொசைட்டியில அஞ்சு பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடின்னு செப்டம்பர்ல அறிவிச்சாங்க. கணக்கை அலசினப்ப, ஏறக்குறைய 48 லட்சம் கடன்ல 35 லட்சம் தகுதியில்லைன்னு வந்துச்சு. ஒரே ஆள் பேர்ல ஏகப்பட்ட கடன். தகுதியில்லாத எல்லாரும் திருடன்னு நான் சொல்லல. ஆனா யாரும் பிரிச்சுப் பாக்காத வரைக்கும் எல்லாம் ஒரே மாதிரி நோட்டுதான்.

லைசென்சு வாங்கின கடைப் பட்டியலை யாரும் கேக்காமலே வெளியிடணும்னு அதே சட்டத்துல 4வது பிரிவு சொல்லுது. தாலுகா ஆபீஸ் சுவத்துல பாத்தேன். எல்லா நோட்டீசும் இருக்கு, அது இல்ல. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பட்டியல் சுவத்துல, கடைசியா தணிக்கை பண்ண தேதி பக்கத்துல.

கதை முடிவைக் கேக்குறீங்க. மேல்முறையீடு விசாரணைக்கு வரதுக்கு முன்னாடியே கடைக்காரர் போன் பண்ணாரு. "அண்ணே, அப்பாவோட பழைய நோட்டு கிடைச்சிருச்சு." போய்ப் பாத்தோம். அத்தை பேர், மூணு பவுன், 75 ஆயிரம், எல்லாம் பெரியவரோட சாய்ஞ்ச கையெழுத்து. விற்பனைன்னு போட்ட கட்டம் காலி. நகை பக்கத்து ஊர்ல மறு அடகுல இருந்துச்சாம். வர ஒரு வாரமாச்சு. அவர் தெரிஞ்சு சொன்னாரா, அப்பா கணக்கு புரியாம சொன்னாரா, எனக்கு இன்னும் பிடிபடல. பாவம்னும் தோணுது, பாவமில்லைன்னும் தோணுது.

தை மாசம் அசலும் வட்டியும் கட்டித் திருப்பியாச்சு. பங்குனியில பேத்திக்குக் காதுகுத்து. அத்தை மறுபடி அதே கடையில அதே சங்கிலிய வச்சுட்டு, சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்புல அனுப்பியிருக்கு. தலைகீழா.