மோட்டவுன் விற்பனை: பழி யாருக்கு?

மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனி 1988ஆம் ஆண்டு யூன் மாதத்தில், எம்.சி.ஏ. நிறுவனத்துக்கும் பொஸ்ரன் முதலீட்டாளர் குழுவொன்றுக்கும் 6 கோடியே 10 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெருமையைப் பெரி கோர்டி காசுக்கு விற்றுவிட்டார் என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்தம் மனவேதனை நியாயமானதே. ஆயினும் பழியைச் சுமத்தும் இடத்திலேதான் அவர்கள் தவறுகின்றனர் என்பது எமது கருத்து.

டெற்றோயிற் மோட்டார்த் தொழிற்சாலையொன்றில் வேலைபார்த்த கோர்டி, 1959 சனவரியில் தம் குடும்பத்தார் சேர்த்து வைத்திருந்த பொது நிதியிலிருந்து 800 டொலர் கடன்பெற்றுத் தொழில் தொடங்கினார். வீதியோரத்து வீடொன்றே அலுவலகம். அதன் பின்புறமே ஒலிப்பதிவுக் கூடம். தொழிற்சாலையிற் கண்ட ஒழுங்கைப் பாட்டுக்கும் அவர் வகுத்தார்: எழுதுவோர் வேறு, வாசிப்போர் வேறு, கூடியிருந்து தரங்கண்டு தள்ளுவோர் வேறு. ஸ்மோக்கி ரொபின்சன், டயனா ரொஸ், ஸ்ரீவி வொண்டர் முதலியோர் அங்கு உருவாயினர். நிறத்தின் பெயரால் மக்களைப் பிரித்துவைத்த நாட்டில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே இசைத்தட்டை விரும்பி வாங்கினர். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் டெற்றோயிற்றில் ஆற்றிய உரையையும் அக்கம்பனி இசைத்தட்டாக வெளியிட்டது. இது சிறிய சாதனையன்று.

ஆனால், குடும்பப் பொது நிதியிற் பிறந்த கம்பனி தனியொருவரின் உடைமையாகவே வளர்ந்தது. வெற்றிப் பாடல்கள் பலவற்றை ஆக்கிய ஹொலண்ட் சகோதரரும் டோசியரும் பணத் தகராறினால் விலகி நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. வாத்தியக்காரரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டொன்று வெளிவரும்வரை அவர்களின் பெயர்கள் உறையில் இடம்பெறவில்லை. 1972இல் கம்பனி லொஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தபோது அவர்களுட் பலர் டெற்றோயிற்றிலேயே விடப்பட்டனர். மக்களின் சொத்து எனப் புகழப்பட்டதே, அம்மக்களுள் எத்தனை பேரிடம் அதன் பங்கு இருந்தது? தமதாக இருந்ததை ஒருவர் விற்றார்; அவ்வளவே.

மேலும், விற்பனை 1988இல் நிகழ்ந்ததென்பது பத்திரக் கணக்கு மட்டுமே. சிறிய கம்பனிகள் தம் தட்டுக்களை ஊரூராகக் கொண்டுசெல்லச் சுயேச்சை விநியோகஸ்தர்களையே நம்பியிருந்தன. பெருங்கம்பனிகள் சொந்த விநியோகத்தாற் சந்தையைப் பிடிக்கவே, அந்த விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவராய் நொடித்தனர். 1983இல் மோட்டவுன் தன் விநியோகத்தை எம்.சி.ஏ.யிடம் ஒப்படைத்தது. கடைக்குச் செல்லும் வழியே பிறர் கைக்குப் போயிற்று! 1986இல் விற்க முற்பட்டுக் கடைசி நேரத்தில் கோர்டி பின்வாங்கினார். இரண்டாண்டு கூடத் தாக்குப்பிடிக்க இயலவில்லை.

வாங்கியவர்களோ 1993இல் அதனைப் பொலிகிராமுக்கு 30 கோடி டொலருக்கு மேல் விற்றனர். கோர்டி ஏமாளியென்று எவரும் எண்ணவேண்டாம். பாடல்களின் வெளியீட்டுரிமையை அவர் 1988இல் கொடுக்கவில்லை. அதிற் பாதியை மட்டும் 1997இல் ஈ.எம்.ஐ.க்கு 13 கோடியே 20 இலட்சம் டொலருக்குக் கொடுத்தார். முழுக் கம்பனிக்குக் கிடைத்ததிலும் இரு மடங்குக்கு மேல்!

மோட்டவுன் என்ற பெயர் இன்று யூனிவேர்சல் நிறுவனத்தின் உடைமை. டெற்றோயிற் வீட்டைக் கோர்டியின் தமக்கையார் எஸ்தர் 1985இலேயே நூதனசாலையாக்கிவிட்டார். அந்த ஒலிப்பதிவுக் கூடத்தை இப்போதும் சென்று பார்க்கலாம்.