துணியோடு போகாத தோஷம்

பாபநாசம் படித்துறையில் முங்கி எழுந்ததும், உடுத்தியிருந்த துணியைத் தாமிரபரணியோடு விட்டுவிட்டுக் கரையேறுகிறவர்கள் ஏராளம். துணியோடு தோஷமும் போய்விடும் என்று யாராவது ஒரு ஜோசியர் சொல்லியிருப்பார். தோஷம் போகிறதோ இல்லையோ, துணி எங்கும் போவதில்லை. பாறை இடுக்கில் சிக்கிக்கொள்கிறது. அடுத்து முங்குபவரின் காலைச் சுற்றுகிறது. பருத்தி வேட்டியாவது மட்கும். இப்போது விடப்படும் பாலியெஸ்டர் சேலை மட்காது. இழை இழையாகப் பிரிந்து தண்ணீரிலேயே கிடக்கும். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளிக் கரையில் போடுகிறார்கள். படித்துறை மீன்களுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் தேடும் கைதான் அந்த மீன்களின் நடுவே பழந்துணியையும் வீசுகிறது.

சாத்திரம் என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. கங்கையில் செய்யக் கூடாதவை என்று பழைய தர்ம நூல்கள் அடுக்கும் பட்டியலில் வாய் கொப்பளிப்பது, அழுக்குத் தேய்ப்பது ஆகியவற்றோடு ஆடையை விடுவதும் இருக்கிறது. கங்கைக்கு ஆகாதது தாமிரபரணிக்கு மட்டும் எப்படி ஆகும்?

'ஆற்றைக் கெடுப்பது என் ஒரு வேட்டியா, ஊர்ச் சாக்கடையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கங்கையின் அழுக்கில் பெரும்பங்கு நகரங்களின் கழிவுநீர்தான். 1986-இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டமும், 2014-இல் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்த 'நமாமி கங்கே'யும் சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரிதாக நம்பியதற்குக் காரணம் அதுவே. அரசின் கடமையைத் தனிமனிதர் தலையில் கட்டுவதில் எனக்கும் உடன்பாடில்லை.

ஆனால், அந்தச் சாக்கடை யாருடையது? நெல்லைச் சீமையில் குழாயில் வருவதும் தாமிரபரணி. குளியலறையை விட்டு வெளியேறிய தண்ணீர் வாய்க்கால் வழியே போய்ச் சேருவதும் தாமிரபரணி. தெருவுக்குப் பாதாள சாக்கடை வந்த பிறகும், இணைப்புக் கட்டணத்துக்குத் தயங்கி மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகிவிடுவது நம் ஊர்களில் புதிதல்ல. நிலையம் கட்டுவது மாநகராட்சியின் வேலை. அதற்குள் என் வீட்டுக் கழிவு போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. 'அரசு முதலில் செய்யட்டும்' என்ற வாதம் இடறுவது இங்கேதான்.

காசியில் வீரபத்திர மிஸ்ரா என்றொருவர் இருந்தார். சங்கட் மோசன் கோயிலின் மகந்த் (தலைமைப் பூசாரி), நீரியல் பொறியியல் பேராசிரியரும்கூட. நாள்தோறும் கங்கையில் நீராடியவர், துளசி படித்துறையிலேயே நீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தையும் அமைத்தார். 2013-இல் மறையும்வரை அரசைக் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். நதியைத் தாய் என்று கும்பிடுகிறவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை கூடுதலாகவே உண்டு. சொந்த வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பாபநாசம் போகிறவர்கள் ஈரத்துணியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பாதாள சாக்கடை வராத தெருவில் இருப்பவர்கள், செப்டிக் டேங்க் கழிவை எடுக்க வரும் லாரிக்காரரிடம், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்ற பதில் வராவிட்டால், அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.