கைபேசியில் கடை விரிப்போர் கவனத்திற்கு

விளைவிப்பதைவிட விற்பதே கடினம் என்பது சிறு விவசாயிகள் நன்கு அறிந்த உண்மை. தக்காளியும் கத்தரியும் விலை படியும்வரை காத்திருப்பதில்லை. சந்தைக்குச் சுமந்து சென்ற கூடையைத் திரும்பச் சுமந்து வர மனமின்றி, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவோர் பலர். இந்த நிலையை ஓரளவு மாற்றக்கூடிய கருவிகளாக வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் போன்றவை இன்று உழவர் குழுக்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கிடைத்துள்ளன. எனினும், கருவி கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைக் கையாளும் முறை தெரிய வேண்டும்.

பல வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பது என்ன? காலையில் வணக்கப் படங்கள், பகலில் எங்கிருந்தோ வந்த காணொளிகள், மாலையில் அரசியல் வாதம். இவற்றுக்கு நடுவே, 'நாளை 200 கிலோ வாழைக்காய் விற்பனைக்கு உள்ளது' என்ற செய்தி வந்தால் அதைக் கவனிப்பார் இல்லை. காய் பழுத்து வீணாகிறது. இன்னொரு பக்கம், ஆயிரக்கணக்கானோர் பார்க்க வேண்டும் என்று பணம் செலவிட்டு விளம்பரம் செய்யும் நிறுவனங்களும் உண்டு. கோபிசெட்டிபாளையத்தில் அறுத்த கீரையின் படத்தைச் சென்னையில் ஒருவர் பார்த்து விருப்பக் குறி இட்டால், அறுத்தவருக்கு என்ன லாபம்?

எத்தனை வீடுகள் மறுமுறை வாங்கின என்பதே உழவர் பார்க்க வேண்டிய கணக்கு. பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய தொலைவில், நம்பி வாங்கும் இருநூறு வீடுகள் இருந்தால் ஒரு சிறு உழவர் குழுவுக்கு அதுவே நல்ல சந்தை.

வானொலி காட்டிய வழி

1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சை மாவட்டத்தில் வானொலி மூலம் பரவியது. மக்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். வானொலி பெயரைக் கொண்டு சேர்த்தது. வயலில் விளைந்து காட்டிய பிறகுதான் அடுத்த வயல்காரர் விதை கேட்டார். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின்கீழ், வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அந்த ஊருக்கு வேண்டிய செய்தி, கடலுக்குப் போகுமுன் காதில் விழுந்தது. வேண்டியவருக்கு, வேண்டிய நேரத்தில், உள்ளபடி சொல்வது என்ற இந்த முறை கைபேசிக்கும் பொருந்தும்.

செய்தியில் இருக்க வேண்டியவை

பொருள், அளவு, விலை, நாள், இடம் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு விற்பனைச் செய்தியிலும் இருக்க வேண்டும். 'நாட்டுக் கத்தரி, இன்று காலை பறித்தது, 60 கிலோ, கிலோ 40 ரூபாய், சனி காலை 7 முதல் 9 மணி வரை, பேருந்து நிலையம் எதிரில்' என்று எழுதினால் போதும். படம் அன்று பறித்த காயினுடையதாக, வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த பளபளப்பான படத்தைப் போட்டால், முதல் முறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். காய் சிறுத்திருந்தால் அதைச் சொல்லியே விலையைக் குறைத்து விற்கலாம்.

விலை கூடுதலாகத் தோன்றும் பொருளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் செக்குக் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு தேவைப்படுகிறது. இந்தக் கணக்கை ஒரு நிமிடக் காணொளியில் செக்கடியிலேயே காட்டினால், விலை பற்றிய சந்தேகம் பாதி தீரும். எண்ணெய், மாவு, ஊறுகாய் போன்றவற்றை விற்போர் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, அதன் 14 இலக்க எண்ணைக் குறிப்பிடுவது அவசியம். சான்று பெறாத விளைபொருளைச் சான்று பெற்ற இயற்கை விளைபொருள் என்று எழுதுவது ஏமாற்று வேலை.

நிர்வாகம்

உறுப்பினர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, வாங்குவோருக்கு வேறொரு குழு எனப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாங்குவோர் குழுவில் நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைத்தால் வணக்கப் படங்கள் தாமாகவே நின்றுவிடும். உறுப்பினர் வீட்டில் படித்த பெண்ணோ பையனோ ஒருவரைப் பொறுப்பாக்கி, சிறு தொகையேனும் ஊதியம் தர வேண்டும். எல்லோருக்கும் பொதுவான வேலை எவருக்கும் உரிய வேலையாகாது. வாரம் இரண்டு செய்திகள் போதும். ஆனால், கேட்பவருக்கு அன்றே பதில் போக வேண்டும். குறை சொன்னவருக்கு மாற்றுப் பொருளோ பணமோ கொடுத்துவிடுவதே நல்லது.

வாங்குவோரின் பெயரையும் எண்ணையும் அவர்கள் சம்மதத்துடன் ஒரு நோட்டில் எழுதி வைப்பது நலம். 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் செயலி இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதையே நம்பியிருந்தவர்கள் சேர்த்த கூட்டமெல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போயிற்று. செயலி பிறருடையது. நோட்டு உழவருடையது.

மோசடி குறித்து எச்சரிக்கை

ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, பேரம் பேசாமல் பெரிய அளவில் பொருள் கேட்பவர்கள் உண்டு. முன்பணம் தருவதாகக் கூறி, ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடச் சொல்வார்கள். இட்டால் கணக்கில் உள்ள பணம் போய்விடும். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இட வேண்டிய தேவையே இல்லை. இதை ஒவ்வொரு உறுப்பினரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மீட்பது கடினமாகும்.

கைபேசி விளைச்சலைக் கூட்டாது. இடைத்தரகரை முழுவதும் அகற்றிவிடவும் செய்யாது. விளைச்சலில் கால் பங்கை நேரடியாக விற்க முடிந்தாலும், எஞ்சியதற்குக் கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டிய கட்டாயம் தளரும். சிறு விவசாயிக்கு அது சிறிய லாபமன்று. உழவர் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்திலேயே பொறுப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, எளிதில் சென்று சேரும் தொலைவில் உள்ள ஐம்பது வீடுகளுடன் தொடங்கலாம்.